உங்கள் தெரு ஏடிஎம்மைப் பார்வை குறைந்தவர்களுக்கும் ஏற்றதாக்குவது எப்படி?

மாதத்தின் முதல் வாரம் எங்கள் தெருமுனை ஏடிஎம்மில் கூட்டம் நிற்கும். அதனால் அம்மா சாயங்காலம் நாலு மணிக்குப் போவார். மேற்குப் பார்த்த அறை அது. அந்த நேரத்து வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டி நேராகத் திரையில் வந்து விழும். எனக்கே கையை வைத்து மறைத்தால்தான் எழுத்து தெரியும். கிளாக்கோமா என்ற கண் நோயால் பார்வையின் ஓரங்களை இழந்த அம்மாவுக்கு அங்கே தெரிந்தது ஒரு வெள்ளைப் பலகை மட்டும்தான்.

அவரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியிடம் கார்டைக் கொடுத்து, பின் நம்பரையும் சொல்லிவிடுவார். இரண்டு வருடமாக இது நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. அந்தக் காவலாளி நல்ல மனிதர். ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை. காவலாளியை எடுத்துவிட்டுக் கேமராவை மட்டும் வைத்த மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. "இனிமே நம்பரை யார்கிட்ட சொல்றது?" என்று அம்மா கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதை, செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர், ஏடிஎம்முக்குக் கடையை வாடகைக்கு விட்டவர், குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர், வீட்டில் பார்வை மங்கிய ஒருவரோடு வாழ்பவர் என்று யார் வேண்டுமானாலும் இதைத் தொடங்கலாம். தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கோளாறுகள் இயந்திரத்தின் மூளையில் இல்லை, அந்தச் சின்ன அறையில்தான் இருக்கின்றன.

பின் நம்பரைப் பிறரிடம் சொல்வதில் எவ்வளவு ஆபத்து என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கிலிருந்து யாரோ பணம் எடுத்துவிட்டால் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. வெளியாள் செய்த மோசடி என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டமே கிடையாது. ஆனால் நாமே பின் நம்பரைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அது நம் கவனக்குறைவு. வங்கிக்குத் தகவல் தரும்வரை போன பணம் முழுவதும் நம் நஷ்டம்தான். திரையைப் படிக்க முடியாததால் நம்பரைச் சொன்னவருக்கும் இதே விதிதான். அதனால்தான் இந்த வேலைக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: பார்வை குறைந்த ஒருவர், யாரிடமும் நம்பரைச் சொல்லாமல், தானே பணம் எடுத்துக்கொண்டு வெளியே வர முடிகிறதா?

முதல் வேலை: யாருக்காகச் செய்கிறோம் என்று புரிந்துகொள்வது

பார்வை குறைவு வேறு, பார்வையின்மை வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டையும் பிரித்தே வரையறுக்கிறது. கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் 6/18-க்கும் கீழே இறங்கி 3/60 வரை பார்வை இருந்தால், அல்லது பார்வைப் பரப்பு 40 டிகிரிக்கும் குறைவாகி 10 டிகிரி வரை சுருங்கியிருந்தால், அது பார்வைக் குறைவு. 6/18 என்றால், மற்றவர்கள் 18 மீட்டர் தள்ளி நின்று படிப்பதை இவர் 6 மீட்டர் கிட்டே வந்தால்தான் படிக்க முடியும்.

இந்த எண்களைவிட முக்கியம், ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு விதமாகக் குறைந்திருக்கும் என்பது. கிளாக்கோமா உள்ளவர் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார். நடுவில் தெரியும், பக்கத்தில் இருக்கும் கார்டு செருகும் இடம் தெரியாது. விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா கெட்டவருக்கு நேர்மாறு. அறை தெரியும், கதவு தெரியும், படிக்க நினைக்கும் சொல் மட்டும் மறைந்துபோகும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவருக்கு அங்கங்கே திட்டுத்திட்டாக இருட்டு. புரை இருப்பவருக்கு வெளிச்சமே எதிரி.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். "எழுத்தைப் பெரிசாக்கினால் போதும்" என்று எல்லோரும் முதலில் நினைப்போம், நானும் நினைத்தேன். ஆனால் குழாய்ப் பார்வை உள்ளவருக்கு எழுத்து ரொம்பப் பெரிசானால் ஒரு சொல்கூட முழுதாகக் கண்ணில் அடங்காது. அம்மாவுக்கு வேண்டியது நடுத்தர அளவு எழுத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மாகுலா பிரச்சினை. அவருக்கு எவ்வளவு பெரிசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே ஒரே தீர்வை எல்லோர் மேலும் திணிக்க முடியாது. எழுத்து, வெளிச்சம், தொட்டறிதல், குரல் ஆகிய நான்கும் அங்கே இருக்க வேண்டும். எது உதவுகிறதோ அதை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் பிரெயில், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து. கீபேடில் பிரெயில் புள்ளிகள் இருப்பதைக் காட்டி "எங்கள் இயந்திரத்தில் எல்லா வசதியும் இருக்கிறது" என்று சொல்வார்கள். பிரெயில் படிப்பவர்களுக்கு அது கட்டாயம் தேவை, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் பார்வை மங்கியவர்களில் பிரெயில் கற்றவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு அந்தப் புள்ளிகள் வெறும் சொரசொரப்பு.

இரண்டாவது: நேரில் போய் நின்று பார்ப்பது

போகும் முன்னால் கிளையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், முடிந்தால் கடிதமாகவே கொடுங்கள். இஞ்ச் டேப்போடு ஏடிஎம் அறைக்குள் நின்று கீபேடைத் தடவிக்கொண்டிருந்தால் கேமராவில் பார்ப்பவர் வேறு மாதிரி நினைப்பார். யாராவது பணம் எடுக்கும்போது உள்ளே போகாதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: உங்கள் சொந்தக் கார்டு, ஒரு ஸ்கேல், இஞ்ச் டேப், 3.5 மி.மீ. பின் உள்ள சாதாரண வயர் இயர்போன், ஒரு பழைய மூக்குக்கண்ணாடி. கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் வாசலினை மெல்லப் பூசிக்கொள்ளுங்கள். ஒரு தாளைச் சுருட்டிக் குழாயாக்கி இன்னொரு முறை அதன் வழியாகப் பாருங்கள். பார்வை குறைந்தவரின் வாழ்க்கை இதனால் நமக்குப் புரிந்துவிடாது. ஆனால் நம் கண் தானாகச் சரிசெய்துகொண்டு கவனிக்காமல் விடும் குறைகள் பளிச்சென்று தெரியும். இதைவிட நல்லது, பார்வை குறைந்த ஒருவரையே அழைத்துப்போவது. அவர் தடுமாறும் இடத்தில் உடனே கை நீட்டாமல், எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் மூன்று முறை போக வேண்டும்: காலை, சாயங்காலம் நாலு மணிவாக்கில், இரவு. மூன்று வேளையும் அது மூன்று வேறு அறை.

வெளிச்சத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இயந்திரத்துக்கு முன்னால் நின்று திரையைப் பாருங்கள். அதில் உங்கள் சட்டை தெரிகிறதா? தெரிந்தால், கண்ணுக்குப் போக வேண்டிய எழுத்தைப் பிரதிபலிப்பு தின்கிறது என்று அர்த்தம். பகலில் அது கதவு வழியே வரும் வெயில். இரவில் முதுகுக்குப் பின்னால் மாட்டிய ட்யூப்லைட். எங்கள் தெரு அறையில் அந்த விளக்கு திரையின் நடுவில், சரியாகத் தொகையைக் காட்டும் இடத்தில், ஒரு வெள்ளைக் கோடாக விழுந்துகொண்டிருந்தது. விளக்கு எரிகிறது என்பதால் அது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்காமலிருக்கத் திரை மேல் ஒட்டும் பிலிமையும் கவனியுங்கள். நேராக நிற்பவருக்குச் சரி. ஆனால் பார்வை குறைந்தவர் குனிந்து, சாய்ந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த்தான் பார்ப்பார். சாய்ந்த கோணத்தில் அந்தப் பிலிம் இருண்டுவிடும்.

திரையில் எழுத்தின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளக்கலாம். அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல் விதிகள், ஏடிஎம் திரை எழுத்து குறைந்தது 4.8 மி.மீ. உயரம் இருக்க வேண்டும், கொக்கி வளைவு இல்லாத எளிய எழுத்துருவாக இருக்க வேண்டும், பின்னணியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும் என்கின்றன. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான அளவு. தமிழில் 'ணை', 'ஞ்சு' போன்றவை இன்னும் நெருக்கமாக இருப்பதால் அதே அளவில் நமக்கு இன்னும் சிரமம். அதையும் கடிதத்தில் எழுதலாம். இந்தியாவுக்கென்றே தகவல் தொழில்நுட்பச் சாதனங்களின் அணுகல்தன்மைக்கு ஐ.எஸ். 17802 என்ற தரநிலை இருக்கிறது. வங்கிக்கு எழுதும்போது அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். பொத்தாம் பொதுவான புகாருக்கும் தரநிலை எண் போட்ட புகாருக்கும் வரும் பதிலில் வித்தியாசம் இருக்கும்.

திரையின் இரண்டு பக்கமும் பட்டன் இருக்கும் பழைய மாதிரி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். திரையில் 'பணம் எடுக்க' என்ற வரி ஓர் இடத்தில் இருக்கும், அதற்கான பட்டன் அரை விரல் கீழே இருக்கும். நாம் உத்தேசமாக அமுக்கிவிடுவோம். முகத்தைத் திரையோடு ஒட்டிப் பார்ப்பவருக்கு எந்த வரி எந்தப் பட்டனுக்கு என்று பிரிக்கவே முடியாது.

கீபேடில் விரலை வையுங்கள். எண்கள் செல்போன் வரிசையில், 1 மேலே இடப்பக்கம் இருக்க வேண்டும். கால்குலேட்டரில் 1 கீழே இருக்கும், அதில் பழகியவர் கை குழம்பும். 5-ன் மேல் ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்பட வேண்டும். அது தேய்ந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்க வரிசையில் சிவப்பு, மஞ்சள், பச்சை. நிறம் மட்டும் போதாது. ரத்துக்குப் பெருக்கல் குறி, தவறை அழிக்க அம்புக்குறி அல்லது கோடு, சரி என்பதற்கு வட்டம் என்று மேடாகவும் இருக்க வேண்டும். பளபளக்கும் எஃகில் எஃகு நிறத்திலேயே செதுக்கிய எண்கள் பார்வை குறைந்தவருக்குக் கிட்டத்தட்ட எண்ணே இல்லாத மாதிரி.

கார்டு போகும் இடம், பணம் வரும் இடம், ரசீது வரும் இடம் மூன்றும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரிகிறதா என்று பாருங்கள். இயந்திரத்தைச் சுற்றி ஒட்டிய கடன் விளம்பரம், காப்பீட்டு விளம்பரம் எல்லாவற்றையும் எண்ணுங்கள். நான் பார்த்த ஓர் இயந்திரத்தில் இயர்போன் துளையையே ஒரு ஸ்டிக்கர் பாதி மூடியிருந்தது.

வாசல் படி, சாய்தளம், கண்ணாடிக் கதவு இவற்றையும் விடாதீர்கள். கதவில் கண் மட்டத்தில் ஒரு நிறப்பட்டை இல்லையென்றால் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரியாமல் நெற்றியில் இடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது: குரல் வருகிறதா?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம், பலருக்குத் தெரியாத விஷயமும் இதுதான். அந்த இயந்திரம் பேசும்.

பேசும் ஏடிஎம் 1997-இல் கனடாவின் ஒட்டாவாவில் ராயல் பேங்க் ஆஃப் கனடா நிறுவியதிலிருந்து தொடங்குகிறது. இந்தியாவில் 2012-இல் அகமதாபாத் வஸ்த்ராபூரில் யூனியன் பேங்க் முதல் பேசும் ஏடிஎம்மைத் திறந்தது. அதற்கு முன்பே, 2009-இல், புதிதாக நிறுவும் ஏடிஎம்களில் மூன்றில் ஒரு பங்காவது பேசக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. 2014 மே மாதச் சுற்றறிக்கை இன்னும் தெளிவு: 2014 ஜூலை 1 முதல் நிறுவும் எல்லா ஏடிஎம்மும் பேச வேண்டும், பிரெயில் கீபேட் இருக்க வேண்டும். பழையவற்றை மாற்றவும் வங்கிகள் திட்டம் போட வேண்டும். பார்வை குறைந்தவர்களுக்காக எல்லாக் கிளைகளிலும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைக்க வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. கிளைக்குப் போகும்போது அதைக் கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் மேசை அறையிலிருந்து வெளியே வரும்.

சோதிப்பது எளிது. இயர்போனை மாட்டிக்கொண்டு, இயந்திரத்தின் முகப்பில் காது போன்ற அல்லது ஹெட்போன் போன்ற குறி உள்ள துளையில் பின்னைச் செருகுங்கள். பெரும்பாலும் கீபேடுக்கு அருகிலோ திரைக்குக் கீழேயோ இருக்கும். சரியான இயந்திரம் என்றால் கார்டு போடுவதற்கு முன்பே குரல் தொடங்கும். மொழியைக் கேட்கும். ஒலியைக் கூட்டக் குறைக்க எந்த எண் என்று சொல்லும். திரையை இருட்டாக்க வேண்டுமா என்று கேட்கும். பின்னால் நிற்பவர் பார்க்காமலிருக்க அந்த வசதி. பார்வை குறைந்தவர் திரையை அப்படியே விட்டுவிட்டு, கண்ணால் கொஞ்சமும் காதால் கொஞ்சமுமாக வேலையை முடிக்கலாம். அம்மா அப்படித்தான் செய்கிறார்.

எங்கெல்லாம் கோளாறு வரும் என்று சொல்கிறேன். துளையில் தூசி அடைத்திருக்கும், பின் முழுதாக உள்ளே போகாது. குரல் "நல்வரவு" சொல்லிவிட்டு பின் நம்பர் பக்கத்தில் நின்றுபோகும். ஆங்கிலமும் இந்தியும் இருக்கும், தமிழ் இருக்காது. இருப்பைப் பார்க்கக் குரல் வரும், பணம் எடுக்கும்போது வராது. சொன்னதைத் திரும்பச் சொல்ல வழி இருக்காது. குரல் சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று கார்டை வெளியே தள்ளும். சில இடங்களில் இயர்போன் இல்லாமல் ஸ்பீக்கரிலேயே சத்தமாகப் பேசும். வழிமுறைக்கு அது பரவாயில்லை, ஆனால் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறை முழுக்க அறிவிக்கக் கூடாது. தொடுதிரை இயந்திரம் என்றால், குரல் முறையில் திரையைத் தொடாமல் கீபேடிலேயே எல்லாம் முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

முழுப் பணமெடுப்பையும் ஒருமுறை குரலை மட்டும் கேட்டுச் செய்து முடியுங்கள். பாதியில் விட்டால் பாதிக் குறைதான் தெரியும். எந்தப் பக்கத்தில் குரல் நின்றது என்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஏடிஎம் அடையாள எண்ணையும் மறக்காமல் குறியுங்கள். அது இல்லாத புகார் எங்கும் போய்ச் சேராது.

நான்காவது: ஒரு வாரத்தில் முடிகிற வேலைகள்

குறிப்பை இரண்டாகப் பிரியுங்கள். இடத்துக்காரரும் கிளையும் சேர்ந்தால் முடிகிற வேலை ஒன்று, வங்கியின் தலைமை அலுவலகமும் இயந்திர நிறுவனமும் செய்ய வேண்டியது இன்னொன்று.

எங்கள் தெருவில் முதல் பட்டியல் மளமளவென்று முடிந்தது. கதவில் சன் கன்ட்ரோல் பிலிம் ஒட்டினார்கள், வாசலில் சின்னத் தகரப் பந்தல் இறக்கினார்கள். பின்சுவர் ட்யூப்லைட்டைக் கழற்றி இயந்திரத்துக்கு மேலே, முன்புறமாகச் சாய்த்து மாட்டினார்கள். கதவில் ஒரு மஞ்சள் பட்டை, படி விளிம்பில் இன்னொன்று. விளம்பர ஸ்டிக்கர்களை உரித்தார்கள். இடத்துக்காரர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு விளக்கை அவர் செலவிலேயே மாற்றிக்கொடுத்தார். "இத்தனை நாள் யாரும் சொல்லலையே" என்றார். உண்மைதான், யாரும் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. கார்டு செருகும் இடத்தைச் சுற்றி நிற டேப் ஒட்டினால் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். நீங்களாக எதையும் அங்கே ஒட்டாதீர்கள். கார்டு திருடுகிறவர்கள் கருவி பொருத்துகிற இடம் அதுதான். அங்கே புதிதாக எதைப் பார்த்தாலும் மக்கள் சந்தேகப்பட வேண்டும், அந்தப் பழக்கத்தை நாம் கெடுக்கக் கூடாது. இயந்திரத்தின் உடம்பில் செய்ய வேண்டியதை வங்கி அனுப்பும் ஆள்தான் செய்ய வேண்டும்.

ஐந்தாவது: கடிதம்

மீதி எல்லாவற்றுக்கும் எழுத்துதான் வழி. கவுன்டரில் வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், அத்தோடு சரி. முகப்பில் யார் பெயர் இருக்கிறதோ அந்த வங்கிக்கு எழுதுங்கள். "மெஷினை நடத்துவது வேறு கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கிளையில் சொல்லலாம். ஒப்பந்தக்காரர் யாராக இருந்தாலும் பெயர்ப்பலகை வங்கியுடையது என்றால் பொறுப்பும் வங்கியுடையதே. வங்கி அல்லாத நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே நடத்தும் ஏடிஎம்களும் உண்டு, அவற்றுக்கு அந்த நிறுவனத்துக்கே எழுத வேண்டும்.

நீளமாக எழுத வேண்டாம். நான் அம்மா பெயரில் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"நான் தங்கள் வங்கியில் கணக்கு வைத்திருக்கும் பார்வை குறைந்த வாடிக்கையாளர். இன்ன முகவரியில் உள்ள, இன்ன அடையாள எண் கொண்ட ஏடிஎம்மை இன்ன தேதியில் பயன்படுத்தினேன். இயர்போனைச் செருகியதும் குரல் வந்தது. பின் நம்பர் கேட்கும் பக்கத்தில் நின்றுவிட்டது. தமிழ் இல்லை. எண் 5-ன் மேடு தேய்ந்திருக்கிறது. இதனால் பிறர் உதவியில்லாமல் என்னால் பணம் எடுக்க முடியவில்லை. ரிசர்வ் வங்கியின் 2014 மே மாதச் சுற்றறிக்கைப்படி இந்த இயந்திரத்தைச் சரிசெய்து, முடிக்கும் தேதியை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

ஒரு பிரதியில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு. 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. வழிகேட்க 14448 என்ற எண் இருக்கிறது. மாவட்ட அளவில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, முன்னோடி வங்கி மேலாளர். மாவட்டத்தில் உள்ள எல்லா வங்கிகளோடும் பேசுவது அவர் வேலை. இன்னொன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் இருவருக்குமே போய்ச் சேரும். நாங்கள் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது நினைவூட்டலுக்குப் பிறகு ஒரு டெக்னீஷியன் வந்தார். கீபேடை மாற்றினார், குரல் மென்பொருளைப் புதுப்பித்தார்.

பதிலாக "வீட்டுக்கே வந்து பணம் தருகிறோமே" என்று சொல்வார்கள். 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலில் வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொன்னது. நல்ல ஏற்பாடு, நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. வேண்டுமானால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஏடிஎம் குறையை மூடிமறைக்க அதைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு மருந்துக்கடைக்குப் பணம் வேண்டியிருக்கும், அப்போது வீட்டுக்கு யார் வருவார்கள்?

சரிசெய்த பிறகும் மாதம் ஒருமுறை இயர்போனைச் செருகிப் பாருங்கள். மென்பொருள் மாற்றம் வரும்போது குரல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும்.

கடைசியாக: பழக்கிக்கொடுப்பது

இயந்திரம் தயாரானாலும் பயன்படுத்துபவர் தயாராக வேண்டும். வயர் இயர்போன் ஒன்றைக் கார்டோடு சேர்த்து ஒரே பையில் வையுங்கள். இப்போது பலர் வீட்டில் வயர் இயர்போனே இல்லை. வயர்லெஸ் இதில் வேலை செய்யாது.

கீபேடை வீட்டிலேயே பழகலாம். பழைய பட்டன் போன் ஒன்று போதும். 5-ன் மேட்டில் நடுவிரலை வைத்து, அங்கிருந்து மேலே 2, கீழே 8, இடம் 4, வலம் 6. கண்ணை மூடிக்கொண்டு பின் நம்பரை அமுக்கிப் பழக அம்மாவுக்கு நாலு நாள் ஆனது. கார்டை எந்தப் பக்கம் செருகுவது என்பதற்கு, சிப் இருக்கும் சதுரத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சிப் மேலே பார்த்து, முன்னால் போக வேண்டும். கார்டில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், உள்ளே சிக்கிக்கொள்ளும்.

முதல் இரண்டு முறை கூட்டம் இல்லாத நேரத்தில், சின்னத் தொகைக்குப் போங்கள். நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள், இதைக் கறாராகச் சொல்கிறேன். உள்ளே நின்றால் உங்கள் கை தானாக நீளும்.

பணம் வந்ததும் எண்ணுவது அடுத்த பாடம். இப்போதைய 500, 200, 100 ரூபாய் நோட்டுகள் மூன்றுக்கும் அகலம் 66 மி.மீ. நீளம் மட்டும் 150, 146, 142 மி.மீ. வித்தியாசம் 4 மி.மீ.தான் என்பதால் தனி நோட்டைத் தொட்டு அறிவது கஷ்டம், பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஓர் அட்டையில் மூன்று நீளத்தையும் குறித்து வெட்டி வைத்துக்கொண்டால் அதோடு சேர்த்துப் பார்த்துச் சொல்லலாம். ஓரங்களில் சாய்ந்த மேட்டுக் கோடுகள் இருக்கும்: 500-இல் ஐந்து, 200-இல் நான்கும் நடுவே இரண்டு வட்டமும், 100-இல் நான்கு. புது நோட்டில் விரலுக்கு நன்றாகத் தெரியும், கசங்கிய நோட்டில் மழுங்கிவிடும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி செயலியை போனில் போட்டுக்கொண்டால், கேமராவை நோட்டின் முன் காட்டினாலே எத்தனை ரூபாய் என்று சொல்லும். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை.

கணக்கில் கழிந்து பணம் வராமல் போனால் பதற வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள். வங்கி ஐந்து நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2019 முதல் விதி.

இன்னும் கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவுக்குப் போகாதவர்கள் என்றால் ஒருமுறை போய் வாருங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் அது தனியாகவே இருக்கிறது. "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்கூட, எந்த உருப்பெருக்கி தனக்கு ஒத்துவரும், எந்த வெளிச்சத்தில் எவ்வளவு தூரத்தில் படிக்கலாம் என்று அங்கே தெரிந்துகொண்டு வருகிறார்கள்.

போன மாதம் நாலு மணிக்கே அம்மா கிளம்பினார். நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். கண்ணாடிக் கதவுக்குள்ளே, காதில் வயர் தொங்க, தலையைக் கொஞ்சம் சாய்த்து எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். விரல் 5-ஐத் தேடிப் போய் நின்றது தெரிந்தது. பின்னால் வந்தவர் ஒருவர் கதவருகில் தயங்கினார், அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் ஆனது. வெளியே வந்து இயர்போனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, "ஸ்லிப் வேணுமான்னு கேட்டுச்சு, வேணாம்னு அமுக்கிட்டேன்" என்றார்.